நீராவி வண்டியும் கணக்கும்



சங்கரன்கோவில் நிலையத்தில் நின்று புறப்படும் வண்டியைச் செவியால் மட்டும் கேட்டு, அது எவ்வளவு வேகத்தில் போகிறது என்று சொல்லிவிட முடியுமா? என் இளமைக் காலத்தில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் இருந்தார். தெருவில் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. மாலை வேளைகளில் திண்ணையில் சாய்ந்திருப்பார். நிலையத்தின் பக்கமிருந்து எஞ்சினின் சத்தம் வந்தவுடன் விரலை மடக்கிச் சிறிது நேரம் எண்ணுவார். “இருபது” என்பார், சற்றுக் கழித்து, “இப்போது முப்பது” என்பார். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது அதன் பொருள். நாங்கள் அவரை ஏதோ சித்து கைவந்தவர் என்றே நம்பியிருந்தோம். பல ஆண்டுகளுக்குப் பின், கல்லூரியில் வட்டத்தின் சுற்றளவைப் பற்றி வேறு ஏதோ ஒரு கணக்கைச் செய்துகொண்டிருந்தபோதுதான் அண்ணாச்சியின் வித்தை எனக்கு விளங்கிற்று.

மாணவ நண்பர்களே, உங்களில் பெரும்பாலோர் நீராவி எஞ்சின் ஓடக் கண்டிருக்க மாட்டீர்கள். விருதுநகரிலிருந்து திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1927ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது மீட்டர்ப் பாதை. 2004ஆம் ஆண்டில் அகலப் பாதையாயிற்று. தென்னாட்டு மீட்டர்ப் பாதைகளில் பல்லாண்டு உழைத்த எஞ்சின்களுள் இரண்டு வகைகள் புகழ் பெற்றவை. பயணிகள் வண்டிக்கு ஒய்.பி.; சரக்கு வண்டிக்கும் மலையேற்றத்துக்கும் ஒய்.ஜி. இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொள்வது ஒய்.ஜி.யை. அதன் அளவுகள் அங்குலத்திலும் பவுண்டிலும் வகுக்கப்பட்டவை. அந்த எண்கள் நம் கணக்குக்கு மிகவும் வசதியாக இருப்பதால் அவற்றையே சிறிது நேரம் கையாள்வோம்.

இயக்கும் சக்கரத்தின் விட்டம் 48 அங்குலம். சிலிண்டரின் விட்டம் 16 அங்குலம். பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்லும் தூரம் 24 அங்குலம். கொதிகலத்தில் நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. இந்த நான்கு எண்களையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அண்ணாச்சியின் வித்தை. எஞ்சினின் இருபுறமும் ஒவ்வொரு சிலிண்டர் உண்டு. சைக்கிள் பம்பைப் போலன்றி, இங்கே நீராவி பிஸ்டனை முன்புறமிருந்தும் தள்ளுகிறது, பின்புறமிருந்தும் தள்ளுகிறது. ஆகவே சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு முறை தன் நீராவியைப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளும். இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து நான்கு முறை. ‘குப், குப்’ என்று நாம் கேட்கும் ஒலி இதுதான். 48 அங்குல விட்டமுடைய சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 3.83 மீட்டர். அதை நான்கால் வகுத்தால் 0.96 மீட்டர். அதாவது, ஒரு ‘குப்’புக்கும் அடுத்த ‘குப்’புக்கும் இடையில் வண்டி ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் நகர்ந்திருக்கிறது. விநாடிக்கு ஒரு மீட்டர் என்பது மணிக்கு 3.6 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கினால், ஏறக்குறைய மூன்றரை விநாடிக்குள் எத்தனை ஒலிகள் கேட்கின்றனவோ, அத்தனை கிலோமீட்டரே வண்டியின் மணி வேகம் என்று வருகிறது. அண்ணாச்சிக்குக் கடிகாரமும் வேண்டியிருக்கவில்லை. மூன்றரை விநாடி என்பது அவர் மூச்சுக்குப் பழகிப்போன அளவு.

இந்த நான்கு ஒலிகளும் சம இடைவெளியில் விழுவது தற்செயலன்று. இடப்புறச் சக்கரத்தின் வளைகோலும் வலப்புறச் சக்கரத்தின் வளைகோலும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஏன் அப்படி? பிஸ்டன் தன் ஓட்டத்தின் கோடியில் நிற்கும்போது, அது எவ்வளவு தள்ளினாலும் சக்கரம் திரும்பாது. தள்ளுவிசை முழுவதும் அச்சை நோக்கியே செல்லும். கிணற்று உருளையின் நடுவில் கையை வைத்து அழுத்துவதைப் போன்றது அது. அந்த நிலையில் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் புறப்பட வழியில்லை. சுழற்றும் திறன் வளைகோல் திரும்பிய கோணத்தின் சைனுக்கு ஏற்ப மாறுகிறது. செங்கோணத்தில் உள்ள மற்றொரு வளைகோலுக்கு அது கோசைன். இரண்டின் கூட்டுத்தொகையே வண்டியைத் திருப்புவது. குறிகளை விட்டுவிட்டு அளவை மட்டும் பாருங்கள். சைனையும் கோசைனையும் கூட்டி வர்க்கம் செய்தால், சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் சேர்ந்து ஒன்று. அதனோடு சைனும் கோசைனும் பெருகிய இருமடங்கு. ஆகவே அந்த வர்க்கம் ஒருபோதும் ஒன்றுக்குக் குறையாது. இரண்டுக்கு மேலும் போகாது. கூட்டுத்தொகை 1 முதல் 1.414 வரைக்குள் ஊசலாடும். சக்கரம் எந்த நிலையில் நின்றாலும் எஞ்சின் புறப்படும்! பள்ளியில் மனப்பாடமாக எழுதிய ஒரு சமன்பாடு, சங்கரன்கோவில் நிலையத்தில் வண்டியைக் கிளப்பும் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அடுத்து, எஞ்சின் எவ்வளவு விசையோடு இழுக்கும் என்று காண்போம். பிஸ்டனின் பரப்பு 201 சதுர அங்குலம். அதன்மேல் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு வீதம் அழுத்தினால் ஏறத்தாழ 19 டன் விசை. ஒரு கைமுழ அகலமுள்ள தட்டின்மேல் சரக்கேற்றிய லாரி ஒன்றை நிறுத்தியதற்கு ஒப்பு. ஆனால் இந்த 19 டன்னும் அப்படியே இழுவிசையாகிவிடாது. பிஸ்டன் நடக்கும் தூரம் வேறு, வண்டி நகரும் தூரம் வேறு. வேலையைக் கணக்கிட்டால் விடை கிடைக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன்கள் நான்கு முறை தள்ளுகின்றன. ஒவ்வொரு தள்ளுதலிலும் செய்யப்படும் வேலை, அழுத்தத்தையும் பிஸ்டனின் பரப்பையும் ஓட்டத்தின் நீளத்தையும் பெருக்கியது. பரப்பு என்பது பையின் கால் பங்கை விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. நான்கு தள்ளுதலுக்கும் கூட்டினால் அந்தக் கால் பங்கு மறைந்துவிடும். மறுபுறம் வண்டி நகர்ந்த தூரம் சக்கரத்தின் சுற்றளவு. அதிலும் பை உண்டு. வேலையைத் தூரத்தால் வகுத்தால் மேலும் கீழும் உள்ள பை அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது மிகவும் எளிய சூத்திரம்: சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை ஓட்டத்தாலும் அழுத்தத்தாலும் பெருக்கிச் சக்கர விட்டத்தால் வகுக்கவேண்டியதுதான். முழுவதும் வட்டங்களாலான இயந்திரத்தின் கணக்கில் பை என்ற எண்ணுக்கே இடமில்லாமற் போவது, எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

ஒய்.ஜி.க்கு இதைப் போட்டுப் பாருங்கள். பதினாறின் வர்க்கம் 256. ஓட்டம் 24, சக்கரம் 48. ஆகவே பாதி, 128. அதை 210ஆல் பெருக்கினால் 26,880 பவுண்டு. குழாய்களிலும் வால்வுகளிலும் நீராவி நுழைந்து வருவதற்குள் அழுத்தம் சிறிது குறைவதாலும், ஓட்டத்தின் கோடி வரை நீராவி விடப்படுவதில்லை ஆதலாலும், நூற்றுக்கு 85 பங்கையே எடுத்துக்கொள்வது பொறியாளர் வழக்கம். 22,848 பவுண்டு வருகிறது. பத்து டன்னுக்குச் சற்று மேல்.

சிலிண்டரை இன்னும் பெரிதாக்கினால் இழுவிசை கூடுமே, ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். சக்கரமும் தண்டவாளமும் இரும்பு, இரண்டும் வழவழப்பானவை. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் விசை, அதன்மேல் அமர்ந்திருக்கும் எடையில் ஏறத்தாழக் கால் பங்குதான். அதற்கு மேற்பட்ட விசையைச் சிலிண்டர் தந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. ஒய்.ஜி.யின் இயக்கும் அச்சுகள் நான்கு. ஒவ்வொன்றும் தாங்கும் எடை சுமார் பத்தரை டன். மொத்தம் 42 டன். அதில் கால் பங்கு பத்தரை டன். சிலிண்டர்கள் தரும் விசையோ பத்து டன்னுக்குச் சற்று மேல். இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன, பாருங்கள்! பற்றுவிசைக்கு மேல் இழுவிசை இருந்து பயனில்லை, குறைந்தால் நட்டம். அச்சின் எடையைக் கூட்டலாமே எனில், மெலிந்த தண்டவாளங்களும் பாலங்களும் அதைத் தாங்கமாட்டா. எஞ்சினை வகுத்தவன் முதலில் எழுதிய எண் சிலிண்டரின் விட்டம் அன்று; பாலம் தாங்கும் எடைதான்.

இந்தக் கணக்கு காகிதத்தை விட்டு இறங்கி மழையில் நனையும் இடம் ஒன்று நம் அருகிலேயே இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே புனலூருக்குச் செல்லும் பாதை 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குகைகளும், கழுதுருட்டிக்கு அருகில் பதின்மூன்று கண் பாலமும் கொண்ட அப்பாதையில், புனலூர்ப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி ஏறி வரும்போது ஏற்றம் சில இடங்களில் நாற்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். நாற்பது அடி நடந்தால் ஓர் அடி உயர்வு. நமக்கு அது ஏற்றமாகவே தோன்றாது. நம் மாட்டு வண்டிகள் இதைவிடச் செங்குத்தான கண்மாய்க் கரையில் ஏறி இறங்கியவை. எஞ்சினுக்கோ அது மலை.

கணக்கைப் பாருங்கள். சமதளத்தில் ஒரு டன் எடையை மெதுவாக உருட்டிச் செல்ல ஏறத்தாழ ஐந்து கிலோ விசை போதும் என்று வைத்துக்கொள்வோம். பத்து டன், அதாவது பத்தாயிரம் கிலோ இழுவிசை, இரண்டாயிரம் டன்னை உருட்டிவிடும். நாற்பதுக்கு ஒன்று ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னும் தன் எடையில் நாற்பதில் ஒரு பங்கால், அதாவது 25 கிலோ விசையால், பின்னோக்கி இழுக்கிறது. உருளும் தடை ஐந்தையும் சேர்த்து முப்பது கிலோ. பத்தாயிரத்தை முப்பதால் வகுத்தால் 333 டன். இரண்டாயிரம் எங்கே, முந்நூற்று முப்பத்து மூன்று எங்கே! இதிலும் எஞ்சினும் அதன் நிலக்கரித் தொட்டியும் ஏறத்தாழ நூறு டன். தன்னையும் அது தூக்கிச் செல்லவேண்டுமே. பெட்டிகளுக்கு மிஞ்சுவது 233 டன். பெட்டி ஒன்றுக்கு முப்பது டன் எனக் கொண்டால் ஏழு பெட்டிகள்.

இது வெயிற் காலத்துக் கணக்கு. ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, மலைக்கு மேற்கே அடைமழை. சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கூட்டம் சேருவதும் அப்போதுதான். ஈரமும் நசுங்கிய இலையின் வழவழப்பும் தண்டவாளத்தில் படிந்தால் பற்றுவிசை கால் பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடலாம். 42 டன்னில் ஆறில் ஒன்று ஏழு டன். ஏழாயிரத்தை முப்பதால் வகுத்தால் 233. எஞ்சினின் நூறு போக 133 டன். நான்கு பெட்டிகள்! கொதிகலத்தில் நீராவி நிறைய இருக்கிறது; பயர்மன் வியர்வை சொட்ட நிலக்கரி போடுகிறார்; ஆனாலும் வண்டி நகராமல் சக்கரம் மட்டும் படபடவென்று சுழலும். அப்போது சக்கரத்தின் முன்னே உலர்ந்த மணலைத் தூவுவார்கள். அதற்கென்றே எஞ்சினில் மணற்பெட்டி உண்டு. ஒரு கைப்பிடி மணல் செய்வதை நூறு கிலோ நிலக்கரி செய்யமுடியாது.

இன்னொரு வழி, இரண்டு எஞ்சின்கள். முன்னே ஒன்று இழுக்க, பின்னே ஒன்று தள்ளும். இரண்டையும் ஏன் முன்னாலேயே கட்டக்கூடாது? இருபது டன் இழுவிசையும் முதற் பெட்டியின் கொக்கியில் விழும். பின்னிருந்து ஒன்று தள்ளினால் எந்தக் கொக்கியும் பாதிக்கு மேல் தாங்கவேண்டியதில்லை. ஒரு கொக்கி அறுந்தாலும் பின்பெட்டிகள் சரிவில் தாமே உருண்டோடிவிடாமல் காவலும் ஆகிறது. இதற்கு அந்தக் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் வேறு பெயரில்லை. பாதுகாப்பு என்றுதான் பெயர். மீட்டர்ப் பாதையாக இருந்த அந்த வழி 2010இல் மூடப்பட்டு, 2018இல் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. பாதை அகலமாயிற்று, மலை அப்படியேதான் இருக்கிறது.

ஏற்றம் இன்னும் கூடினால் என்ன ஆகும்? நீலகிரி மலை இரயிலில் ஏற்றம் ஏறத்தாழப் பன்னிரண்டுக்கு ஒன்று. அங்கே டன் ஒன்றுக்கு 80 கிலோவுக்கு மேல் பின்னிழுப்பு. மழைக்காலத்தில் பற்றுவிசையை மட்டும் நம்பினால் எஞ்சின் தன்னோடு தன் எடையளவு பெட்டியைக்கூட இழுப்பது அரிது. ஆகவேதான் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்சட்டம் பதித்து, அதில் எஞ்சினின் பற்சக்கரம் பதிந்து ஏறும்படி செய்தார்கள். அந்த எஞ்சின்களில் நான்கு சிலிண்டர்கள். சாதாரணச் சக்கரங்களை ஓட்டிய நீராவியே இரண்டாம் முறையாகப் பற்சக்கரங்களையும் ஓட்டிவிட்டுத்தான் வெளியேறும். அது சிக்கனம், சிக்கனத்தின் கணக்குக்குத்தான் நாம் இப்போது வருகிறோம்.

ஒய்.ஜி. மலையேறும்போது டிரைவர் பிஸ்டனின் ஓட்டத்தில் முக்கால் பங்கு வரை நீராவியை விடுகிறார் எனக் கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 79 லிட்டர். சக்கரத்தின் ஒரு சுற்றில் நான்கு முறை, முக்கால் பங்கு வீதம், சுமார் 237 லிட்டர் நீராவி செலவாகிறது. அவ்வளவு அழுத்தத்திலும் சூட்டிலும் உள்ள அந்த நீராவியின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு அருகில் இருக்கும். அதாவது, ஒரு சுற்றுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் 261 முறை சுற்றும். 390 லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஒரு கிலோ நிலக்கரி ஆறு, ஏழு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் என்றால், கிலோமீட்டருக்கு அறுபது கிலோ நிலக்கரி. மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால், பயர்மன் ஒரு மணி நேரத்தில் எண்ணூறு கிலோவுக்கு மேல் அள்ளிப் போடவேண்டும். மண்வெட்டி ஒன்றுக்குப் பத்துக் கிலோ எனக் கொண்டால் முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவை. அந்த வேகத்தில் பத்து டன் இழுவிசைக்கு எஞ்சின் வெளியிடும் திறன் சுமார் 530 குதிரைத்திறன். அந்த ஐந்நூற்றுச் சொச்சம் குதிரைகளுக்கும் தீனி போட்டது ஒரு மனிதனுடைய இரண்டு கைகள்.

சமவெளிக்கு வந்துவிட்டால் கதை மாறுகிறது. தென்காசியிலிருந்து கடையநல்லூர் வழியாகச் சங்கரன்கோவில் நோக்கி வரும்போது டிரைவர் கைப்பிடியைத் திருப்பி, பிஸ்டன் கால் பங்கு தூரம் போனதுமே நீராவியை நிறுத்திவிடுவார். எஞ்சிய முக்கால் பங்கு தூரமும் அடைபட்ட நீராவி தானே விரிந்து பிஸ்டனைத் தள்ளும். ஜேம்ஸ் வாட் 1782ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமை பெற்றிருந்தார். இதனால் எவ்வளவு இலாபம்?

பருமன் இரட்டித்தால் அழுத்தம் பாதியாகும் என்ற பாயில் விதியை ஒட்டிக் கணக்கிடுவோம். உண்மை நிலைக்கு அது அண்மையானதே. கால் பங்கு தூரம் வரை முழு அழுத்தம், அதை 1 என்க. பாதித் தூரத்தில் அழுத்தம் அரை, முக்கால் தூரத்தில் மூன்றில் ஒன்று, முடிவில் கால். வரைபடத் தாளில் இந்தப் புள்ளிகளைக் குறித்து இணைத்துப் பாருங்கள். முதலில் ஒரு நீள்சதுரம். பின்பு தணிந்து செல்லும் ஒரு வளைகோடு. கோட்டின் அடியில் உள்ள பரப்பே செய்த வேலை. கட்டங்களை எண்ணினால் 0.6 என்று வரும். அந்த வளைகோடு அதிபரவளைவு. அதன் கீழுள்ள பரப்பைத் தருவது இயற்கை மடக்கை. நான்கின் இயற்கை மடக்கை 1.386, ஒன்றைக் கூட்டி நான்கால் வகுத்தால் 0.597. நேப்பியர் 1614இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டபோது பெருக்கலை எளிதாக்குவதே அவர் நோக்கம். நீராவி அவர் நினைவிலும் இருந்திராது.

இந்த 0.6 என்பதன் பொருளைச் சற்று நின்று நோக்குங்கள். சிலிண்டர் முழுவதும் நீராவியை நிரப்பினால் கிடைக்கும் வேலையில் நூற்றுக்கு அறுபது பங்கு, கால் பங்கு நீராவியிலேயே கிடைத்துவிட்டது. நீராவி ஒவ்வொரு கிலோவும் முன்னைவிட 2.4 மடங்கு உழைக்கிறது. வெளியேறும் நீராவியின் எதிரழுத்தம், சிலிண்டர்ச் சுவரில் வீணாகும் வெப்பம் ஆகியவற்றைக் கழித்தால் இலாபம் சிறிது குறையும். ஆனாலும் பெரிய இலாபமே. அண்ணாச்சி மடக்கை படித்தவரல்லர். “சத்தம் மெலிந்தால் கரி மிச்சம்” என்பதுதான் அவருக்குத் தெரிந்த சூத்திரம். விரிந்து தளர்ந்த நீராவி மெல்லிய ஒலியோடு வெளியேறும். விரியாதது இடியோசையோடு வெளியேறும். வீணாகும் வேலையைத்தான் நாம் முழக்கமாகக் கேட்கிறோம்.

இவ்வளவு நேரம் இழுப்பதைப் பற்றிப் பேசினோம். வெடிப்பதைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். கொதிகலம் ஒன்றின் விட்டம் ஒன்றரை மீட்டர், தகட்டின் தடிப்பு 16 மில்லிமீட்டர், அழுத்தம் சதுரச் சென்டிமீட்டருக்கு 15 கிலோ என்று கொள்வோம். அதை நீளவாட்டில் இரண்டாகப் பிளக்க முயலும் விசை, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கியது: 2,250 கிலோ. அதைத் தாங்கிப் பிடிப்பவை இருபுறத்திலும் உள்ள தகட்டின் விளிம்புகள்: 3.2 சதுரச் சென்டிமீட்டர். ஆகவே சதுரச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 700 கிலோ. குறுக்குவாட்டில் இதே கணக்கைப் போட்டால் சரியாகப் பாதிதான் வரும். உருளை வடிவான பாத்திரம் வெடித்தால் நீளவாட்டில் கிழிவதன் காரணம் இதுவே. கொதிகலத் தகட்டின் நீளவாட்டு இணைப்பை மட்டும் இருமடங்கு கவனத்தோடு செய்ததும் இதனாலேயே. எஃகு நாலாயிரம் கிலோ வரை தாங்கும். ஆறு மடங்கு எதற்கு என்று கேட்டால், துருவுக்கும் தேய்வுக்கும் மனிதரின் மறதிக்கும் சேர்த்துத்தான். 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலச் சட்டம் இத்தகைய சோதனைகளைத் தொழிற்சாலைகளில் கட்டாயமாக்கிற்று. 2025இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

ஆனால் அண்ணாச்சி அஞ்சியது தகட்டுக்கு அன்று, தண்ணீருக்கு. எஞ்சினின் பின்பகுதியில் நெருப்புப் பெட்டி இருக்கிறது. அதன் கூரைக்கு அடியில் கொழுந்துவிட்டு எரியும் தீ. கூரைக்கு மேலே தண்ணீர். தண்ணீர் மூடியிருக்கும் வரை அத்தகடு இருநூறு பாகைச் சூட்டைத் தாண்டி வெகு தூரம் போகாது. தண்ணீர் விலகிவிட்டால் சில நிமிடங்களில் தகடு செந்நிறமாகி, வலுவிழந்து, நீராவியின் அழுத்தத்தால் உள்வாங்கிக் கிழியும். அதன் எதிரே நிற்பவர்கள் டிரைவரும் பயர்மனுமே. தண்ணீரின் மட்டத்தை அறிய அவர்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. “ஏறும்போது கண்ணாடி பொய் சொல்லும், தம்பி” என்று அவர் ஒருநாள் சொன்னார். எனக்கு அப்போது விளங்கவில்லை.

கொதிகலத்தில் தண்ணீர் நிற்கும் நீளம் ஐந்து மீட்டர் என்க. நாற்பதுக்கு ஒன்று ஏற்றத்தில் எஞ்சின் முகம் தூக்கி நிற்கிறது. தண்ணீர் பின்னால் சாய்கிறது. நடுவிலிருந்து பின்முனை வரை இரண்டரை மீட்டர். அதில் நாற்பதில் ஒரு பங்கு ஆறேகால் சென்டிமீட்டர். நெருப்புப் பெட்டியின் பக்கம் அவ்வளவு கூடுதலாகத் தண்ணீர் நிற்கிறது. கண்ணாடியும் அவ்வளவு கூட்டிக் காட்டுகிறது. கணவாயைக் கடந்து வண்டி அதே அளவுச் சரிவில் இறங்கத் தொடங்கியதும் எஞ்சின் முகம் கவிழ்கிறது. தண்ணீர் முன்னே ஓடுகிறது. பின்முனையில் ஆறேகால் குறைகிறது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே மொத்தம் பன்னிரண்டரைச் சென்டிமீட்டர்! ஏறும்போது கண்ணாடியில் பத்துச் சென்டிமீட்டர் தண்ணீரைக் கண்டு மனநிறைவு கொண்டவர், உச்சியைக் கடந்த மறுகணம் கண்ணாடியில் தண்ணீரே இல்லாமல் காண்பார். அதிலும், ஏற்றத்தின் கடைசிப் பகுதியில்தான் நீராவி மிகுதியாகத் தேவைப்படும். குளிர்ந்த தண்ணீரை உள்ளே விட்டால் அழுத்தம் குறையும். வண்டி நின்றுவிடுமோ என்ற அச்சம். தண்ணீரை விடுவதா, ஏறி முடித்த பின் விட்டுக்கொள்வதா? இந்தக் கேள்விக்கு மழையிலும் புகையிலும் நின்றபடி விடை காணவேண்டியிருந்தது. விடை தவறினாலும் உயிரைக் காக்க நெருப்புப் பெட்டியின் கூரையில் ஈயத் தக்கை ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ஈயம் உருகுவது 327 பாகையில். கொதிகலத்துத் தண்ணீரின் 200 பாகைக்கு மேல். எஃகு தளரும் சூட்டுக்குக் கீழ். தண்ணீர் விலகினால் முதலில் ஈயம் உருகி, துளை வழியே நீராவி சீறி நெருப்பைத் தணித்து எச்சரிக்கும். அண்ணாச்சியின் காலத்தில் அவர் எஞ்சினில் ஒரு முறைகூட அது உருகியதில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் பெருமிதம் தெரியும்; வேகத்தை எண்ணிக் காட்டும்போது அன்று.

இவ்வளவு திறமையும் சேர்ந்து, நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஏழு, எட்டுப் பங்கைத்தான் இழுவையாக மாற்ற முடிந்தது. டிரைவரின் குற்றமன்று. பிரெஞ்சு நாட்டு இளைஞர் கார்னோ 1824இல் கண்டுணர்ந்த எல்லை அது. நீராவி 200 பாகையில் நுழைந்து 100 பாகையில் வெளியேறுமானால், தனி வெப்ப அளவில் 473இலிருந்து 373. வேறுபாடு நூறு, நூறை 473ஆல் வகுத்தால் நூற்றுக்கு 21. எந்தக் கடவுள் தச்சன் கட்டினாலும், அந்த இரண்டு வெப்பநிலைகளுக்கிடையே இதற்கு மேல் பெறமுடியாது. நீராவியை மிகையாகச் சூடாக்கினால் எல்லை சற்று உயரும், அவ்வளவே. இந்திய இரயில்வேக்கு நீராவி எஞ்சின் கட்டுவது 1972ஆம் ஆண்டோடு நின்றது. நீலகிரிக்காகப் பொன்மலைப் பட்டறையில் பின்னர்க் கட்டப்பட்டவை போன்ற சில விலக்கு.

நீராவி நம்மை விட்டுப் போய்விட்டதா என்றால், இல்லை. கூடங்குளத்தில் அணுவின் வெப்பம் தண்ணீரைத்தான் ஆவியாக்குகிறது. தூத்துக்குடியில் நிலக்கரி ஆவியாக்குகிறது. அங்கே நீராவியைக் காற்றில் விட்டுவிடாமல் கடல்நீரால் குளிர்வித்து மீண்டும் தண்ணீராக்குகிறார்கள். 1769இல் வாட் உரிமை பெற்ற தனிக் குளிர்கலத்தின் வழிதான் அது. கூடங்குளத்தில் நுழையும் நீராவி சுமார் 275 பாகை. வெளியேறுவது 40 பாகைக்கு அருகில் என்று கொண்டு கார்னோவின் எல்லையைப் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 43 வரும். நடைமுறையில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது. உங்கள் வீட்டு விளக்கில் எரிவது ஒருவேளை அந்த நீராவிதான்.

விடைபெறுமுன் ஒரு கணக்கு. நான் சொன்ன மூன்றரை விநாடி ஒய்.ஜி.க்கு உரியது. பயணிகள் வண்டியின் ஒய்.பி.க்குச் சக்கரத்தின் விட்டம் 54 அங்குலம். சிலிண்டர்கள் அதற்கும் இரண்டே. அந்த எஞ்சினுக்கு அண்ணாச்சி எத்தனை விநாடி எண்ணியிருப்பார்? நான்குக்குச் சற்றுக் குறைவாக விடை வந்தால் சரி.